அரசு காஜி: எந்தக் காகிதத்துக்கு எந்தக் கதவு

கார்வேபாவிபாளையத்தில் துணி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு தங்கை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த தாளை என் முன் விரித்தாள். பச்சை மையில் அச்சிட்ட லெட்டர்ஹெட். மேலே பிறையும் அரபி எழுத்தும். நடுவில் உருதுவில் ஐந்து வரி, அதன் கீழே தமிழில் நான்கு வரி. ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லிவிட்டதாகக் கணவன் எழுதிய கடிதத்தை, “பார்வையிடப்பட்டது” என்று ஒருவர் கையெழுத்திட்டு வட்ட சீல் குத்தியிருந்தார். கூரியரில் வந்த தாள்.

“அக்கா, காஜியார் சீல் இருக்கே. அப்ப எல்லாம் முடிஞ்சு போச்சா?”

முடியவில்லை. அந்தச் சீலுக்கு அப்படி ஒரு வலிமை சட்டத்தில் எங்குமே இல்லை. அது தெரியாமல் அவள் ஏழு மாதம் ஒரு வழக்கும் போடவில்லை, ஒரு ரூபாய் ஜீவனாம்சம் கேட்கவில்லை. இந்த அத்தியாயம் அவள் கேட்ட கேள்விக்கான பதில். பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, பேகூர் ரோடு, மங்கம்மனபாளையம் என்று ஓசூர் ரோட்டை ஒட்டிக் குடியிருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் பெண் எடுப்பது ஆம்பூரில், நிக்காஹ் வாணியம்பாடியில், குடித்தனம் இங்கே. இரண்டு மாநிலத்துக் காகிதங்களும் ஒரே வீட்டு பீரோவில் கிடக்கின்றன. எது எதற்குச் செல்லும் என்று பிரித்து அறிந்து வைப்பது நம் பொறுப்பு.

அரசு காஜி என்பவர் யார்?

நவாபு காலத்தில் காஜி என்றால் நீதிபதி. கும்பெனி ஆட்சி வந்த பிறகும் நீதிமன்றங்களில் காஜிகளும் முஃப்திகளும் சட்ட அலுவலர்களாக அமர்ந்து, முஸ்லிம் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆங்கிலேய நீதிபதிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அந்த ஏற்பாட்டை முடித்து வைத்தது. காஜிகளை அரசாங்கம் நியமிப்பது உகந்ததல்ல என்று அந்தச் சட்டம் அறிவித்தது.

ஆனால் நாட்டின் சில பகுதிகளில், அரசு நியமித்த காஜி முன்னிலையில் நிக்காஹ் நடப்பது சமுதாயத்தின் பழக்கமாக ஊறிப் போயிருந்தது. அந்தப் பழக்கத்தை மதித்து 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. தொடக்கத்தில் அது சென்னை மாகாணத்துக்கு மட்டுமே பொருந்தியது. பிற மாகாண அரசுகள் விரும்பினால் அறிவிக்கை மூலம் தங்கள் பகுதிக்கு நீட்டித்துக்கொள்ளலாம். பொம்மனஹள்ளி அன்று மைசூர் சீமையில் இருந்த கிராமம். ஓசூரோ சேலம் மாவட்டத்தில், சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. ஒரே சாலையின் இரண்டு முனைகளிலும் காஜி முறை வேறு வேறாக வளர்ந்ததற்கு இந்த எல்லைக்கோடும் ஒரு காரணம்.

அந்தச் சட்டம் மிகச் சிறியது, நான்கே பிரிவுகள். ஒரு பகுதியில் கணிசமான முஸ்லிம்கள் விரும்பினால், அங்குள்ள முக்கியமானவர்களைக் கலந்து பேசி, தகுதியான ஒருவரை அரசு காஜியாக நியமிக்கலாம் என்கிறது இரண்டாம் பிரிவு. அவர் தொடர்ந்து 6 மாதம் ஊரில் இல்லாவிட்டாலோ, வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாலோ, முறைகேடாக நடந்துகொண்டாலோ அரசு அவரை நீக்கலாம். தமக்கு உதவியாக அவர் நாயிப் காஜிகளை வைத்துக்கொள்ள மூன்றாம் பிரிவு இடம் தருகிறது.

நாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது நான்காம் பிரிவு. அது மூன்று விஷயங்களைச் சொல்கிறது:

1. இந்தச் சட்டத்தால் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ வந்துவிடாது.
2. நிக்காஹ் செல்லுபடியாக காஜி அங்கே இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.
3. காஜி செய்யும் பணிகளை வேறொருவர் செய்வதற்கு இந்தச் சட்டம் தடையில்லை.

பதவியைத் தந்த அரசே, அந்தப் பதவிக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை என்று அதே தாளில் எழுதி வைத்திருக்கிறது. காஜியாரை நாம் மதிப்பது அவருடைய இல்முக்காகவும், அவர் பாதுகாக்கும் நிக்காஹ் பதிவேடான தஃப்தருக்காகவும். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைத் திருமணங்களுக்கு அந்தத் தஃப்தர் சாட்சி சொல்லும். அந்த மதிப்புக்கு ஒரு குறையும் வேண்டாம். திருமணத்தை முறிக்கும் சீலாக மட்டும் அவர் சீலை யாரும் பயன்படுத்த விடாதீர்கள்.

ஒருவரை இன்னொருவராக எண்ணிக்கொள்ளாதீர்கள்

*அரசு காஜி:* தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் அரசாணை மூலம் நியமிக்கப்படுபவர். மாநிலத்துக்குத் தலைமை காஜி ஒருவர் உண்டு. நீண்ட காலம் அந்தப் பொறுப்பில் இருந்த முஃப்தி சலாஹுத்தீன் முஹம்மது அய்யூப் 2025 மே மாதம் வஃபாத்தானார். ஒருவர் தம்மை அரசு காஜி என்று சொன்னால், நியமன ஆணையின் எண்ணையும் தேதியையும் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

*முஃப்தி:* மார்க்கக் கேள்விக்கு ஃபத்வா, அதாவது கருத்து, தருபவர். விஸ்வ லோசன் மதன் வழக்கில் 2014 ஜூலை 7 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஃபத்வா யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. விரும்பியவர் ஏற்கலாம், அதை வைத்து ஒருவரை வற்புறுத்த முடியாது.

*பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் ஜமாஅத்தும்:* நிக்காஹ் ஓதி வைப்பதும், முத்தவல்லி கையெழுத்துடன் ஊர்க் கடிதம் தருவதும் இவர்கள். சமரசம் பேச இவர்களைவிட நல்ல இடம் இல்லை. இவர்களும் நீதிமன்றம் ஆக மாட்டார்கள்.

*அமீரே ஷரீஅத்:* பெங்களூரில் அதிகம் காதில் விழும் பெயர். நாகவாரா பக்கம் உள்ள தாருல் உலூம் சபீலுர் ரஷாத் மத்ரசாவோடு தொடர்புடைய பொறுப்பு. கர்நாடக உலமாக்கள் ஏற்றுக்கொண்ட தலைமை. அரசு நியமனம் கிடையாது.

பொம்மனஹள்ளியில் நிக்காஹ் நடந்தால்

இங்கே “காஜி சாப்” என்று அழைக்கப்படுபவர் பெரும்பாலும் அந்த மஹல்லாவின் இமாம். தமிழ்நாட்டில் பழகிய “மாவட்ட அரசு காஜி” என்ற எண்ணத்தோடு அவரைப் பார்க்காதீர்கள். அவர் தரும் நிக்காஹ்நாமா நிக்காஹ் நடந்ததற்கு நல்ல சான்று. அரசுப் பதிவுச் சான்றிதழ் அதற்கு மேல் வேறாக வாங்க வேண்டியது.

இதில் ஒரு குழப்பமும் நடந்தது. முஸ்லிம் தம்பதியருக்குத் திருமணச் சான்றிதழ் வழங்க மாநில வக்ஃப் வாரியத்துக்கு அதிகாரம் தந்து, 2023 ஆகஸ்ட் 30 தேதியிட்டு கர்நாடக அரசு ஓர் ஆணை போட்டது. வக்ஃப் சட்டத்தில் அப்படி ஓர் அதிகாரமே இல்லை என்று வழக்குத் தொடரப்பட்டு, 2024 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. வக்ஃப் அலுவலகச் சான்றை மட்டும் நம்பி பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ போய் நிற்க வேண்டாம்.

நேர்வழி சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்தான். மதம் பாராமல் எல்லாத் திருமணங்களையும் பதிய கர்நாடகத்துக்கு 1976ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் உண்டு. கவுன்டரில் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். காரணம் இருக்கிறது. சில நேரம் “சிறப்புத் திருமணச் சட்டத்துல போட்டுடலாம்” என்பார்கள். 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், ஏற்கெனவே நடந்த நிக்காஹையும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதியலாம். பதிந்த பிறகு உங்கள் சொத்துக்கு ஷரீஅத் வாரிசுப் பங்கு பொருந்தாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. மூன்று மகள்களின் பெற்றோரான காசர்கோட்டு வழக்கறிஞர் ஷுக்கூரும் பேராசிரியர் ஷீனாவும், தங்கள் சொத்து முழுவதும் பெண் பிள்ளைகளுக்கே போய்ச் சேர வேண்டும் என்று 2023 மார்ச் 8 அன்று இந்தச் சட்டத்தின் கீழ் மீண்டும் திருமணம் செய்துகொண்டார்கள். அது அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு யாரும் அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

நிக்காஹ் தமிழ்நாட்டில் நடந்திருந்தால் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் பொருந்தும். திருமணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. வலீமா முடிந்து பெங்களூர் பஸ் ஏறும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். “அடுத்த பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டவர்கள் 150 நாளையும் கோட்டை விட்டுவிட்டு அலைகிறார்கள்.

தஃப்தரில் கையெழுத்துப் போடும் முன்

நிக்காஹ் சபையில் எல்லோரும் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டும் நேரத்தில்தான் தஃப்தர் வரும். அவசரம் வேண்டாம். வீட்டில் படித்த பெண் ஒருத்தியை அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

*பெயர்.* ஆதாரில் உள்ள எழுத்தே தஃப்தரிலும் இருக்க வேண்டும். ஆதாரில் “பாத்திமா பீவி”, தஃப்தரில் “ஃபாத்திமா பீ” என்றால் பிற்பாடு இருவரும் ஒருவரே என்று அஃபிடவிட் போட்டு அலைய நேரும்.

*வயது.* பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21. கர்நாடகம் தன் திருத்தச் சட்டத்தின் மூலம் குழந்தைத் திருமணத்தைத் தொடக்கத்திலிருந்தே செல்லாததாக ஆக்கியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் கேட்கும் ஹஜ்ரத்தோடு சண்டை போடாதீர்கள். அவர் உங்கள் பிள்ளைக்கு நல்லது செய்கிறார்.

*மஹர்.* தொகையோ பவுனோ எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். கையில் கொடுத்தாயிற்றா, பாக்கியா என்பதும் தெளிவாக வேண்டும். மஹர் மனைவியின் உரிமை. பாக்கி என்று எழுதியிருந்தால் கணவன் பட்ட கடனாக அது நிற்கும். “மஹர் ரொக்கம்” என்று மொட்டையாக எழுதிய வரி, பிற்காலத்தில் “அன்றே கொடுத்துவிட்டேன்” என்று சொல்ல வழி விடும்.

*வலீயும் மத்ஹபும்.* காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்துக் குடும்பங்கள் ஷாஃபிஈ மத்ஹபு. அங்கே பெண்ணின் வலீ, அதாவது பொறுப்பாளர், இல்லாமல் நிக்காஹ் கூடாது. பெங்களூர் மஹல்லாக்களில் ஹனஃபி வழக்கமே மிகுதி. கலந்து நடக்கும் சம்பந்தமாக இருந்தால் ஒரு வாரம் முன்பே ஹஜ்ரத்திடம் சொல்லிவிடுங்கள். மணமேடையில் விவாதம் வேண்டாம்.

*சாட்சிகள்.* இருவரின் முழு முகவரியும் ஃபோன் நம்பரும். பதிவு ஆபீசுக்கு மறுபடி வரக்கூடியவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். துபாய்க்கு நாளைக்கே ஃபிளைட் பிடிக்கும் மாமாவை சாட்சியாக்க வேண்டாம்.

*பக்க எண்.* தஃப்தர் எண், பக்கம், வரிசை எண் மூன்றையும் ஃபோனில் படம் பிடியுங்கள். பெண் வீட்டுக்கு ஒரு பிரதி, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பிரதி. பெண்ணின் பிரதி பெண்ணிடமே இருக்க வேண்டும்.

தலாக், குலா: காஜியின் தாள் எவ்வளவு தூரம் போகும்?

தலாக்கை உறுதிசெய்து காஜிகள் சான்றிதழ் தருவதை எதிர்த்து, வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2017 ஜனவரியில், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி எம்.சுந்தர் அமர்வு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. காஜி தரும் அத்தகைய சான்றிதழ் வெறும் கருத்துதான், நீதிமன்றத்திலும் சட்ட நடவடிக்கையிலும் அதற்கு மதிப்பில்லை என்பது அந்த உத்தரவு. நீதிபதிகள் எடுத்துக்காட்டியது, மேலே சொன்ன அதே நான்காம் பிரிவை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, ஷாயரா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கை ரத்து செய்தது. 2019ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு மேலும் ஒரு படி போனது. வாயால் சொன்னாலும், கடிதத்தில் எழுதினாலும், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் முத்தலாக் செல்லாது. சொன்ன கணவனுக்கு 3 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்ட பெண்ணோ அவள் ரத்த உறவினரோ திருமண வழி உறவினரோ போலீசில் புகார் தரலாம். தனக்கும் பிள்ளைகளுக்கும் பிழைப்பூதியம் கேட்கவும், சிறு பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்கவும் அந்தச் சட்டமே வழி தருகிறது.

பெண் கேட்கும் மணமுறிவான குலாவிலும் இதே கவனம் வேண்டும். தனியார் ஷரீஅத் கவுன்சில் தந்த குலா சான்றிதழை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வழிகாட்டியது. குலா என்ற உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதில் அந்தத் தீர்ப்பு மாறுபடவில்லை. அதைச் சான்றளிக்கும் இடத்தைத்தான் மாற்றிச் சொன்னது.

கணவன் எதற்குமே சம்மதிக்கவில்லை என்றால் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இருக்கிறது. 4 ஆண்டாகக் கணவன் இருக்கும் இடம் தெரியவில்லை, 2 ஆண்டாகச் செலவுக்குத் தரவில்லை, 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றுவிட்டான், நியாயமான காரணமின்றி 3 ஆண்டாக இல்லறக் கடமை செய்யவில்லை, கொடுமைப்படுத்துகிறான் — இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மனைவி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்கலாம்.

பெங்களூரின் குடும்ப நீதிமன்றம் எச்.சித்தையா ரோட்டில் உள்ள நியாய தேகுல வளாகத்தில் இருக்கிறது. கர்நாடக மாநில சட்டப் பணிகள் ஆணையமும் அங்கேதான். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். போகும் முன் 15100 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்து என்னென்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். தலாக் ஆன பெண்ணும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. தலாக்குக்குப் பின் காத்திருக்கும் இத்தா காலத்தோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கொழும்பிலும் சிங்கப்பூரிலும் சம்பந்தம் இருந்தால்

ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு அதிகாரத்தைக் குறிக்கிறது. இலங்கையில் காதி என்பவர் நீதிச் சேவை ஆணைக்குழு நியமிக்கும் உண்மையான நீதிபதி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவருக்கு விவாகரத்தும் தாபரிப்புப் பணமும் தீர்மானிக்கும் அதிகாரம் தந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்குக் காதிகள் சபை உண்டு. சிங்கப்பூரில் நிக்காஹை முஸ்லிம் திருமணப் பதிவகம் பதிகிறது. விவாகரத்தை ஷரியா நீதிமன்றம் விசாரிக்கிறது. மலேசியாவில் சுல்தான் உள்ள மாநிலங்களில் முஃப்தியை அவரே நியமிக்கிறார். அரசிதழில் வெளியான ஃபத்வாவுக்கு அங்கே சட்ட வலிமை உண்டு. ஆகவே அங்கிருந்து ஒரு தாள் வந்தால் “இதுவும் நம்மூர் காஜி கடிதம் மாதிரிதான்” என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். இங்கே வெறும் கருத்தாக நிற்பது அங்கே தீர்ப்பாக இருக்கும்.

பிறை விஷயம்

தமிழ்நாட்டில் ரமலான் பிறையையும் பெருநாளையும் தலைமை காஜி அறிவிக்கிறார். பெங்களூரில் பிறைக் கமிட்டி கூடி அறிவிக்கிறது. இரண்டு அறிவிப்பும் சில ஆண்டுகளில் வேறுபடலாம். மாமியார் வீடு ஓசூரில், நீங்கள் பொம்மனஹள்ளியில் என்றால், லீவு எழுதிக் கொடுக்கும் முன், வசிக்கும் ஊரின் அறிவிப்பைக் கேளுங்கள். குடும்பத்துக்குள் மனக்கசப்பு வரும் அளவுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம்.

பீரோவில் இருக்க வேண்டிய கவர்

ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் பெயரில் ஒரு கவர் வைத்திருக்க வேண்டும். அதில்:

– நிக்காஹ் தஃப்தர் பக்கத்தின் பிரதி அல்லது நிக்காஹ்நாமா
– சப் ரிஜிஸ்ட்ரார் தந்த பதிவுச் சான்றிதழ்
– மஹர் எழுதிய பக்கம், தனிப் படமாக
– இருவரின் ஆதார், பிறப்புச் சான்றிதழ் நகல்
– சாட்சிகளின் பெயர், ஃபோன் நம்பர்
– பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்
– தலாக் பற்றி எந்தக் கடிதமோ மெசேஜோ வந்திருந்தால், அது வந்த கவரும் தேதியும் அழியாமல்

கடைசி வரியை அந்தத் தங்கையிடமிருந்து எடுத்தேன். அவள் கூரியர் கவரைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தாள். அதன் மேல் இருந்த தேதிதான், கடிதம் 2019 சட்டத்துக்குப் பிறகு வந்தது என்று காட்டியது. அடுத்த வாரம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு இருவரும் சித்தையா ரோட்டுக்குப் போனோம். சட்ட உதவி மேஜையில் இருந்த அம்மா அந்தப் பச்சைத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தனியே வைத்தார். “நிக்காஹ் பேப்பர் இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. அவளுடைய வாப்பா அன்றைக்கே வாங்கி, மகள் கையில் கொடுத்திருந்த பிரதி. பக்க எண்ணோடு, மஹர் பாக்கி என்று எழுத்தால் எழுதிய வரியோடு.

ஜீவனாம்ச மனு அந்தத் தாளிலிருந்து தொடங்கியது.